செவ்வாயில் ஊர் அமைத்தால் மடை யார் கையில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமும் செவ்வாய்க் குடியேற்றத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், பத்தே நிமிடத்தில் பேச்சு ராக்கெட்டை விட்டு இறங்கி தண்ணீருக்கும் நிலத்துக்கும் வந்துவிடுகிறது. அப்படி வருவது நல்லதுதான். ஆளைக் கொண்டுபோய் இறக்கியதும் ராக்கெட்டின் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு காற்றை யார் திறந்துவிடுவது, யார் மூடுவது என்பதில்தான் ஊர் நிற்கும் அல்லது கவிழும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எல்லாப் பதிலிலும் 100 பேர் உள்ள ஊரையே எடுத்துக்கொண்டோம்.

பத்துப் பேரை வைத்துத் தொடங்கக் கூடாதா? எதற்கு 100?

தொடக்கம் பத்துப் பேரில்தான் இருக்கும். ஆனால் அது முகாம், ஊர் இல்லை. முகாமுக்கு ஒரு தலைவர், ஒரு விதிப்புத்தகம் போதும். அண்டார்டிகாவில் நம் மைத்ரி, பாரதி நிலையங்கள் அப்படித்தான் நடக்கின்றன. மூன்று ஷிப்டுக்கு ஆள், இரண்டு மருத்துவர், பம்ப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் நாலு பேர், அவர்கள் படுத்துவிட்டால் மாற்று ஆள் என்று கூட்டிக்கொண்டே போனால் நூறை நெருங்கிவிடும். அந்த எண்ணிக்கையில் குடும்பம் வரும், கோஷ்டியும் வரும். விதிப்புத்தகம் போதாமல் ஆட்சி வேண்டிவருவது அங்கேதான்.

எந்த இடத்தில் ஊர் வைப்பது?

மூன்று விஷயம் ஒன்றுக்கொன்று இழுக்கும். பனிக்கட்டி வேண்டுமென்றால் துருவம் பக்கம் போக வேண்டும். வெயில் வேண்டுமென்றால் நடுக்கோட்டுப் பக்கம். இறங்க வேண்டுமென்றால் தாழ்ந்த நிலம், ஏனென்றால் செவ்வாயில் காற்றழுத்தம் சராசரியாக 6 மில்லிபார்தான், நம் காற்றில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பள்ளத்தில் இறங்கினால்தான் வேகத்தைக் குறைக்கக் கொஞ்சமாவது காற்று கிடைக்கும். மூன்றுக்கும் ஓரளவு ஒத்துவருவது வடக்கு அட்சம் 35 முதல் 40 டிகிரிக்குள் உள்ள சமவெளிகள்: ஆர்கேடியா, அமேசானிஸ் பகுதிகள். 2021 டிசம்பர் 24-ல் அமேசானிஸில் ஒரு விண்கல் விழுந்து குழி பறித்தபோது, உள்ளிருந்து பாறை அளவுப் பனிக்கட்டிகள் வெளியே சிதறிக் கிடந்ததைச் சுற்றுக்கலம் படம் எடுத்தது. அந்த இடம் சுமார் 35 டிகிரி. அவ்வளவு கீழ் அட்சத்திலும் பனி இருப்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகு இடத்தேர்வுப் பேச்சே மாறியது.

எடைக் கணக்கையும் மறக்கக் கூடாது. 2021-ல் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி சுமார் 1 டன். ஊருக்கான கொள்கலன்கள் ஒவ்வொன்றும் பத்து, இருபது டன் இருக்கும். அவ்வளவு எடையை அங்கே இதுவரை யாரும் இறக்கியதில்லை.

வீடு எப்படிக் கட்டுவது? செம்மண்ணைக் குழைத்துச் சுவர் வைத்தால் ஆகாதா?

நம் ஊரில் கூரை கீழே விழாமல் பார்க்கிறோம். அங்கே கூரை மேலே பிய்த்துக்கொண்டு போகாமல் பார்க்க வேண்டும். உள்ளே நம் அளவு காற்றழுத்தம் வைத்தால் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 10 டன் விசை வெளியே தள்ளும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் கூரைக்கு இது ஏறக்குறைய 115 டன். மண்ணை மேலே கொட்டி அதை அமுக்கலாம் என்றால், ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம்தான் என்பதால் 18 மீட்டர் உயரத்துக்குக் கொட்ட வேண்டும். ஆகவே அழுத்தத்தைத் தாங்குவது உருளை வடிவ ஓட்டின் வேலை. மண் கதிர்வீச்சைத் தடுக்க மட்டும், இரண்டு மூன்று மீட்டர். சதுர மூலை வைத்தால் விரிசல் அந்த மூலையில்தான் தொடங்கும்.

உள்ளே அழுத்தத்தைக் குறைக்கலாம். நாசா எதிர்கால நிலையங்களுக்காகச் சொல்வது 56.5 கிலோபாஸ்கல் (நம் கடல்மட்டத்தில் சுமார் 101), அதில் 34 சதவீதம் ஆக்சிஜன். விண்வெளி உடைக்குள் அழுத்தம் 30 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். வீட்டுக்குள்ளும் குறைவாக இருந்தால், வெளியே போகுமுன் இரத்தத்திலுள்ள நைட்ரஜனை வெளியேற்ற வெறும் ஆக்சிஜனைச் சுவாசித்துக் காத்திருக்கும் நேரம் குறையும். அதற்கு விலை, தீ. 34 சதவீத ஆக்சிஜனில் சாதாரணப் பருத்தித் துணி வெகு வேகமாக எரியும். கற்பூரம் ஏற்றவே முடியாது; பூசைக்கு எல்.இ.டி.யோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

கதவு அழுத்தம் உள்ள பக்கமாகத் திறக்க வேண்டும். அப்போது காற்றே கதவைச் சட்டத்தோடு அழுத்தி மூடும். இரண்டு அறைக்கு நடுவில் எந்தப் பக்கம் காற்று போகும் என்று தெரியாது. அதனால் அங்கே ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் திறக்கும் இரண்டு கதவு.

வீதிகளை நம் ஊர் மாதிரி சதுரம் சதுரமாக அமைக்கலாமா?

ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக வரும் வீதிகளில் ஒரு நல்ல குணம் உண்டு: எங்கே அடைத்தாலும் வேறு பக்கமாகச் சுற்றிப் போய்விடலாம். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வழி, அறைகளை இணைக்கும் உருளைப் பாதையான ஒவ்வொரு குழாய்வீதிக்கும் இரண்டு முனை. 1997 பிப்ரவரியில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் ஆக்சிஜன் கலம் ஒன்று தீப்பிடித்தபோது, தப்பிக்க நின்ற இரண்டு சோயூஸ் கலங்களில் ஒன்றுக்குப் போகும் வழியைத் தீயே அடைத்துக்கொண்டது.

எடுக்கக் கூடாதது, நடுவில் ஒரே மையம். எல்லாக் குழாயும் ஒரு கூடத்தில் வந்து சேர்ந்தால், அந்தக் கூடம் போன அன்று ஊரும் போகும். காற்று இயந்திரம், சமையல், மருத்துவம் எல்லாம் இரண்டு இடத்தில், ஒன்று போனாலும் மற்றது 100 பேரையும் முப்பது நாள் தாங்கும் அளவில் இருக்க வேண்டும்.

இன்னொரு சின்ன விதி: கதவு வழியாக வயர் போகக் கூடாது. இது சுலபமாக மீறப்படும், ஏனென்றால் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும், கேபிளை அந்த வழியாக இழுத்துவிடுவது சௌகரியம். 1997 ஜூன் 25-ல் சரக்குக் கலம் மோதி மிரின் ஸ்பெக்டர் பகுதியில் காற்று கசிந்தபோது, கதவை மூட முடியாமல் குறுக்கே கிடந்த கேபிள்களைக் கழற்றவும் வெட்டவும் வேண்டியிருந்தது. வெட்டியதில் நிலையத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி போயிற்று.

விரிவாக்கமும் முதல் நாளே வரைபடத்தில் இருக்க வேண்டும். மதுரையில் 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்ததால் ஊர் வெளியே விரிந்தது. அழுத்தத்தில் நிற்கும் ஓட்டை அப்படி இடிக்க முடியாது. ஒவ்வொரு குழாயின் கடைசியிலும் மூடி போட்ட இணைப்பு வாய் ஒன்றைத் தொடக்கத்திலேயே விட்டுவைக்க வேண்டும்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு காற்று வேண்டும்? அதை எங்கே எடுப்பது?

ஒரு நாளைக்கு ஆக்சிஜன் சுமார் 840 கிராம். வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 1 கிலோ. 100 பேருக்கு 84 கிலோ, 100 கிலோ.

செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அதை உடைத்து ஆக்சிஜன் எடுக்கலாம் என்று பெர்சிவரன்ஸில் இருந்த மாக்ஸி கருவி 2021 முதல் 2023 வரை 16 முறை ஓடிக் காட்டியது. மொத்தம் எடுத்தது 122 கிராம், அதிகபட்ச வேகம் மணிக்கு 12 கிராம். அந்த உச்ச வேகத்திலேயே இரவு பகலாக ஓட்டினாலும் நாளைக்கு 288 கிராம். ஒரு ஆளுக்கு மூன்று கருவி, ஊருக்கு 292 கருவி. பெரிதாகச் செய்தால் மின்செலவு குறையும், ஆனால் அளவை மனதில் வைக்க இந்தக் கணக்கு உதவும்.

ஆக்சிஜன் தீர்வதற்கு முன்பே கார்பன் டை ஆக்சைடு ஆளைப் படுக்கவைக்கும். 30 கன மீட்டர் அறையில் காற்றோட்டம் நின்று ஒருவர் மட்டும் இருந்தால், வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் 0.5 சதவீத எல்லையைத் தொட ஆறரை மணி நேரம் போதும். அதாவது ஒரு இரவுத் தூக்கம். எனவே ஆக்சிஜன் மீட்டரை விட முக்கியமானது, படுக்கும் அறைக் காற்றாடி நின்றால் அடிக்கும் அலாரம்.

தண்ணீர்?

நம் நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுவார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 4 லிட்டருக்குள் ஓட்டுகிறார்கள். ஊர் என்றால் துவைக்க, குளிக்க, கழுவ என்று 25 லிட்டராவது வேண்டும். 100 பேருக்கு 2500 லிட்டர். 98 சதவீதத்தைத் திரும்பப் பிடித்தால் புதிதாக உருக்க வேண்டியது நாளைக்கு 50 லிட்டர். மீட்பு 90-க்கு இறங்கினால் 250 லிட்டர். பனி தோண்டும் வேலை ஐந்து மடங்காகிறது. விண்வெளி நிலையம் 98 சதவீதத்தைத் தொட்டது 2023-ல்தான்.

எது கெடும் என்பதற்கு அங்கேயே ஒரு பாடம் உண்டு. சிறுநீரிலிருந்து 85 சதவீதம் நீரை எடுக்கும் என்று அனுப்பிய கருவி, வெகு சீக்கிரம் உள்ளே கல் படிந்து அடைத்துக்கொண்டது. விண்வெளியில் எலும்பு கரைவதால் வீரர்களின் சிறுநீரில் கால்சியம் கூடுதல். சிறுநீரைக் கெடாமல் வைக்க ஊற்றியது கந்தக அமிலம். இரண்டும் சேர்ந்து கால்சியம் சல்பேட். தரையில் சோதித்தவர்களின் எலும்பு கரையவில்லை, அதனால் சோதனையில் தெரியவில்லை. பிறகு மீட்பு அளவைக் குறைத்து ஓட்டி, அமிலத்தை மாற்றித்தான் சரிசெய்தார்கள்.

செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பு அரை முதல் ஒரு சதவீதம் வரை இருக்கிறது. 2008-ல் ஃபீனிக்ஸ் கலம் கண்டது. தைராய்டைக் கெடுக்கும். தண்ணீரில் சுலபமாகக் கரைவதால் மண்ணை அலசி எடுத்துவிடலாம், ஆனால் அலசிய தண்ணீர் பொதுக் குழாயில் கலக்கக் கூடாது. தனிக் குழாய், தனி நிறம், தனி அளவு இணைப்பு. ஒன்றை மற்றதில் மாட்ட நினைத்தாலும் மாட்ட முடியாதபடி.

கரண்ட் போனால்?

ஊர் தின்னும் மின்சாரத்தில் பெரும்பங்கு விளக்கு வெளிச்சத்தில் விளையும் பயிருக்குப் போகும். ஒருவர் சாப்பாட்டுக்குச் சுமார் 50 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 300 வாட் என்று வைத்தால் 100 பேருக்கு 1500 கிலோவாட். புழுதிப்புயலில் சூரியத் தகடு இதைத் தராது. 2018 ஜூனில் செவ்வாய் முழுவதையும் மூடிய புயலில், நாளைக்கு 645 வாட்-மணி வாங்கிக்கொண்டிருந்த ஆப்பர்ச்சுனிட்டி ஊர்திக்குச் சில நாளிலேயே 22 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அது பேசவில்லை.

புயலில் முதலில் அணைப்பது பயிர் விளக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கேதான் சிக்கல். அந்தப் பயிர்தான் ஆக்சிஜனும் தருகிறது. விளக்கை அணைத்தால் சாப்பாடும் காற்றும் ஒரே சுவிட்சில் போகும். ஆகவே காற்று இயந்திரம் தனியாக, சிறு அணுஉலை மின்சாரத்தில் ஓட வேண்டும். அத்தகைய சிறு அணுஉலை ஒன்றை 2018-ல் நெவாடாவில் தரையில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். உலர் உணவு ஆளுக்கு நாளைக்கு 620 கிராம் வீதம் 120 நாளுக்கு ஏழரை டன் கையிருப்பில் இருக்க வேண்டும். எதை எந்த வரிசையில் அணைப்பது என்ற பட்டியல் புயல் வருமுன்பே ஊர் கூடி ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். புயலுக்கு நடுவில் கூடிப் பேசினால் சத்தம் யாருக்கு அதிகமோ அவர் அறையில் விளக்கு எரியும்.

காற்றையும் தண்ணீரையும் திறந்து மூடும் அதிகாரம் யாருக்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வரைந்த திட்டங்கள்தான் அதிகம். தலைவர், ஆலோசனைக் குழு, நீதிபதி என்று எழுதிவிட்டு வால்வை மறந்துவிடுவார்கள். வால்வைப் பிடித்திருப்பவருக்குத் தேர்தல் எதற்கு?

வைகைப் பக்கத்துக் கண்மாய்ப் பாசனம் இதே சிக்கலைப் பல நூற்றாண்டு கையாண்டிருக்கிறது. மடையைத் திறப்பதும் அடைப்பதும் ஆயக்கட்டில் வயல் உள்ளவர் வேலை இல்லை. அதற்கென்று நீர்ப்பாய்ச்சி, நீர்கட்டி என்று தனி ஆள். பல ஊர்களில் அவருக்குச் சொந்த நிலம் இருக்காது. எந்த வயலுக்கும் கூடுதலாக விட அவருக்குக் காரணம் இல்லை. கூலி, எல்லா வயலிலிருந்தும் அறுப்பில் வரும் பங்கு. அதனால் கடைமடை விளைந்தால்தான் அவருக்கும் லாபம். எந்த வயலுக்கு எத்தனை நேரம் என்பதை அவர் முடிவு செய்வதில்லை. அது ஊர் வைத்த முறை. அவர் முறையை நடத்துகிறார்.

இதில் ஒன்றைப் பூசி மெழுகக் கூடாது. நிலம் இல்லாததால் நடுநிலை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நிலம் ஏன் இல்லை என்றால், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், நிலம் மறுக்கப்பட்டவர்கள். செவ்வாயில் எடுத்துப்போக வேண்டியது வேலைப் பிரிவினை. பரம்பரையும் கீழ்நிலையும் வேண்டாம். வால்வுப் பணி சுழற்சியில் வரட்டும், நல்ல சம்பளத்தோடு.

அப்படிப் பார்த்தால் விதிகள் இவை. வால்வு இயக்குபவர் நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது. அவர் சம்பளம் எந்த நிறுவனத்திடமிருந்தும் வராமல் பொதுக் கணக்கிலிருந்து வர வேண்டும். ஒரு பகுதியின் காற்றை முழுதாக மூட இரண்டு பேரின் சாவி வேண்டும். திறக்க ஒருவர் போதும். ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்தக் காற்றழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) எந்த அறையிலும் 16 கிலோபாஸ்கலுக்குக் கீழே போகக் கூடாது, தண்டனையாகவோ வாடகைப் பாக்கிக்காகவோ யாருக்கும் அதைக் குறைக்கக் கூடாது. 16 என்பது ஏறக்குறைய கொடைக்கானல் அளவு. மூச்சு வாங்கும், உயிர் போகாது.

மீட்டரை எங்கே வைப்பது என்பதும் ஆட்சிக் கேள்விதான். இயந்திர அறையில் வைத்தால் எப்போதும் நல்ல எண்தான் காட்டும். தலைமடையில் நின்று கண்மாய் நிறைந்திருக்கிறது என்று சொல்வது போல. குழாயின் கடைசி அறையில் வையுங்கள். அந்த எண்ணை எல்லோரும் பார்க்கும் பலகையில் போடுங்கள்.

அங்கே எந்த நாட்டுச் சட்டம்?

1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 2-வது பிரிவு எந்த நாடும் அங்கே இறையாண்மை கொண்டாட முடியாது என்கிறது. 6-வது பிரிவு, தனியார் செய்தாலும் அவரவர் நாடே பொறுப்பு, அனுமதியும் தொடர் கண்காணிப்பும் கட்டாயம் என்கிறது. 8-வது பிரிவின்படி, கலத்தைத் தன் பேரில் பதிவு செய்த நாட்டுக்கு அதன் மீதும் அதிலுள்ள ஆட்கள் மீதும் அதிகாரம் உண்டு. மண்ணுக்கு நாடு இல்லை, கூரைக்கு நாடு உண்டு. நாலு நாட்டுக் குழாய்களை ஒன்றாக இணைத்தால் நடக்க நடக்கச் சட்டம் மாறும். விண்வெளி நிலையத்துக்கான 1998 ஒப்பந்தம் இதைச் சமாளிக்க, குற்ற வழக்கில் முதலில் குற்றவாளியின் நாட்டுக்கே அதிகாரம் என்றது. 100 பேருக்கு இது கொஞ்ச காலம் ஓடும். அங்கேயே பிறந்தவர், நிறுவனம் மாறியவர் என்று வந்தால் ஓடாது.

இந்தியா 1967 ஒப்பந்தத்தில் உள்ளது. 2023 ஜூனில், நிலா, செவ்வாய் ஆய்வுக்காக அமெரிக்கா முன்வைத்த ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டிலும் கையெழுத்திட்டது. 2017-ல் விண்வெளிச் செயல்பாட்டு மசோதாவின் வரைவு ஒன்று வந்தது, சட்டமாகவில்லை.

நிலத்துக்குப் பட்டா கிடைக்குமா?

கிடைக்காது. நிலாவிலும் செவ்வாயிலும் ஏக்கர் விற்பதாகச் சொல்லித் தரும் சான்றிதழ் சட்டப்படி வெறும் காகிதம். எடுத்த பொருள் எடுத்தவருக்கு என்பது வேறு விஷயம்: அமெரிக்கா 2015-லும் லக்சம்பர்க் 2017-லும் அதற்கு உள்நாட்டுச் சட்டம் போட்டுவிட்டன. ஆக பனிப்படிவம் யாருக்கும் சொந்தமில்லை, தோண்டிய பனிக்கட்டி சொந்தம். வேகமாகத் தோண்டுபவருக்கு வசதியான ஏற்பாடு.

நடைமுறையில் வரப்போவது குத்தகை மாதிரி ஏதாவதுதான். அதில் காலத்தைக் கவனிக்க வேண்டும். முல்லைப் பெரியாறுக்காகத் திருவிதாங்கூரும் சென்னை அரசும் 1886-ல் எழுதியது 999 ஆண்டுக் குத்தகை, ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். எழுதிய இரண்டு அரசுகளும் இன்று இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தத் தண்ணீர் இல்லாமல் தேனி, மதுரைப் பாசனம் இல்லை என்பதும் உண்மை, அதனால்தான் எளிதில் தீரவில்லை. செவ்வாயில் பனிக் குத்தகையை ஐந்து சாளரத்துக்கு (சாளரம் என்பது 26 மாதத்துக்கு ஒருமுறை வரும் பயண வாய்ப்பு), அதாவது சுமார் 11 ஆண்டுக்கு மேல் எழுதாமல் இருப்பது நல்லது. அளவு, கசிவு, பாதுகாப்பை அளப்பது இரு தரப்பும் சேராத மூன்றாவது ஆளாக இருக்க வேண்டும்.

வேலைக்குக் கூட்டிப்போகும் நிறுவனம் கைவிட்டால்?

திரும்பி வரச் சாளரம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான். வேலையை விட்டாலும் அதுவரை முதலாளியின் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். தென்மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பங்களுக்கு இது புதிதல்ல. கங்காணி தந்த முன்பணமும் வழிச்செலவும் கடனாக ஏறும். அந்தக் கடன் எழுதிய துண்டு தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டு முறையை 1921-ல் ஒழித்தார்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: பயணச் செலவு தொழிலாளி பேரில் கடனாக எழுதப்படக் கூடாது, திரும்பும் இருக்கைக்கான பணம் புறப்படுமுன் மூன்றாவது ஆளிடம் கட்டப்பட்டிருக்க வேண்டும், வேலை நின்றாலும் காற்று, தண்ணீர், அறை, சாப்பாடு அடுத்த சாளரம் வரை அதே அளவில்.

பராமரிப்பு வேலையை யார் செய்வது? வரி உண்டா?

வரி பணமாக இருக்காது, மணிநேரமாக இருக்கும். வடிகட்டி மாற்றுவது, சீல் துடைப்பது, தூசி உறிஞ்சுவது. மூன்று மைக்ரான் அளவுத் தூசி ரப்பர் சீலில் உட்கார்ந்தால் கதவு மூடியது போலத் தெரியும், மூடியிருக்காது.

வைகைக் கரை உடைந்தபோது வீட்டுக்கு ஒரு பங்கு கரை என்று அளந்து கொடுத்தார்கள் என்பது வந்தியின் கதை. ஆளில்லாத கிழவிக்கும் அதே அளவு. அவளுக்குச் சொக்கநாதர் பிட்டு வாங்கித் தின்றுவிட்டு மண் சுமக்க வந்தார். அங்கே வர மாட்டார். அளவு சமமாக இருப்பது நியாயமாகத் தெரியும், ஆனால் கைகுழந்தைக்காரிக்கும் காய்ச்சல்காரருக்கும் விட்ட பங்குதான் கரை உடையும் இடம். பங்கை ஆளின் பேரில் வைக்காமல் குழுவின் பேரில் வைத்தால் இடைவெளி விழாது.

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதை அரிசோனாவில் காற்றுப் புகாமல் மூடிக் கட்டிய சோதனைக் கூடமான பயோஸ்பியர் 2 காட்டியது. 1991-ல் எட்டுப் பேர் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டார்கள். 16 மாதத்தில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்குச் சற்று மேல் வரை இறங்கியது. உரம் அதிகமான மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விட்டன. அதைப் பயிர் பிடிக்குமுன் கான்கிரீட் சுவர் உறிஞ்சிக்கொண்டது. அதனால் சுவரும் ஒரு குடித்தனக்காரர்தான், அதற்கும் கணக்கு எழுத வேண்டும்.

தேர்தலா, குடவோலையா?

உத்திரமேரூர்க் கல்வெட்டு (919, 921) மேடையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன விஷயம். ஆனால் அதில் பேசப்படாத வரி ஒன்று உண்டு: கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் குடவோலையில் சேர முடியாது. 100 பேர் ஊருக்கு உறவினர் தடை ஒத்துவராது, பாதி ஊர் கழிந்துவிடும். கணக்குத் தடை அப்படியே பொருந்தும். குலுக்கலும் பொருந்தும், பிரசாரம் செய்து கோஷ்டி சேர்க்க வேண்டியதில்லை என்பதால். மருத்துவம், அணுஉலை போன்றவற்றுக்குத் தகுதியும் வேண்டும். அவற்றில் தகுதி பெற்றோருக்குள் மட்டும் குலுக்கல்.

பூமியிலிருந்து ஆள முடியுமா என்றும் கேட்கிறார்கள். சேதி போக 3 முதல் 22 நிமிடம். பதில் வர அதே அளவு. தவிர, 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் நடுவே வந்து இரண்டு வாரம் பேச்சே நிற்கும். அந்த இரண்டு வாரத்தில் எடுக்க வேண்டிய எந்த முடிவுக்கும் பூமியின் ஒப்புதல் தேவை என்று எழுதாதீர்கள்.

நாளும் கிழமையும் எப்படி?

செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. உள்ளூர் நேரத்தில் வாழ்ந்தால் சுமார் 36 நாளுக்கு ஒருமுறை நம் நள்ளிரவும் அவர்கள் நள்ளிரவும் ஒன்றாகும். ஆண்டு நம் கணக்கில் 687 நாள். சித்திரைத் திருவிழாவை மதுரை நாளிலேயே கொண்டாடுவது எளிது. அங்கே சித்திரை எது என்று சண்டை போட வேண்டியதில்லை.

கதிர்வீச்சு? குழந்தை?

தரையில் நாளொன்றுக்குச் சுமார் 0.67 மில்லிசீவர்ட் என்று கியூரியாசிட்டி ஊர்தி அளந்தது. ஆண்டுக்கு 240-க்கு மேல். இந்தியாவில் கதிரியக்கத் தொழிலாளிக்கு அனுமதித்த எல்லை, ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20. ஆகவே வெளியே இருக்கும் மணிநேரமும் ரேஷன்தான், அதைப் பகிர்வதிலும் அரசியல் வரும். 0.38 ஈர்ப்பில் எந்தப் பாலூட்டியும் கருவுற்று ஈன்று வளர்ந்து இதுவரை பார்க்கப்படவில்லை. முதலில் எலிகளில் இரண்டு தலைமுறை, பிறகுதான் மனிதர்.

வைகையே காய்ந்து கிடக்கும்போது இது எதற்கு?

நியாயமான கோபம். செவ்வாய்க்குப் போவதால் வைகையில் தண்ணீர் வராது. 98 சதவீத நீர் மீட்பும், கடைசி அறையில் மீட்டரும் மட்டும் இங்கேயும் பயன்படும்.

கல்லூரியில் இதைச் செய்து பார்க்க முடியுமா?

முடியும். 24 பேர், ஒரு வகுப்பறை, மூன்று மணி நேரம். நாலு பேர் பூமி, அடுத்த அறை. நாலு பேர் வால்வு. மீதி 16 பேர் ஊர். பயிற்சிக்காக வைத்துக்கொள்ளும் மின்தேவை, கிலோவாட்டில்: பயிர் 1500, காற்று 100, சூடு 80, பட்டறை 50, தண்ணீர் 30, சமையலும் துவைப்பும் 25, மருத்துவம் 10, தொடர்பு 5. மொத்தம் 1800. கால் மணிக்கு ஒரு சுற்று, ஒரு சுற்று ஐந்து நாள். முதல் சுற்றில் 1800, இரண்டில் 900, மூன்றில் 300, பிறகு 200. பயிர் மூன்று சுற்று இருட்டில் இருந்தால் செத்தது என்று கொள்ளுங்கள். ஆக்சிஜனில் பாதி அதிலிருந்து வருகிறது என்பதை ஊருக்கு முன்கூட்டிச் சொல்லாதீர்கள், வால்வுக் குழுவுக்கு மட்டும் சொல்லுங்கள். பூமிக்குச் சீட்டு எழுதலாம். பதில் 40 நிமிடம் கழித்துத்தான் கொடுக்கப்படும்.

நடத்துபவர் ஒரு நோட்டில் இரண்டை மட்டும் குறிக்கட்டும்: அணைக்கும் பட்டியலை ஊர் எந்தச் சுற்றில் எழுதியது, வால்வுக் குழுவிடம் தெரிந்ததை யார் முதலில் கேட்டார்கள்.